தொட்டு முத்தி

என் சின்னம்மாவுக்குக் கை சும்மா இருக்காது. எதையாவது தொடும். தொட்ட விரல் நேராக உதட்டுக்குப் போகும். எங்கள் ஊர்க் கத்தோலிக்கர்கள் இதைத் தொட்டு முத்தி செய்வது என்பார்கள். கோயிலில் சுரூபத்தின் பாதத்தைத் தொட்டு அந்த விரலுக்கு முத்தம் வைப்பது. சுரூபம் என்றால் சிலைதான், ஆனால் எங்கள் ஊரில் அதைச் சிலை என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. மற்றவர்கள் இந்தப் பழக்கத்தைக் கோயிலோடு நிறுத்திக்கொள்வார்கள். சின்னம்மாவுக்கு அந்த எல்லையெல்லாம் கிடையாது. காலையில் அடுப்பைப் பற்றவைக்கும் முன் தோசைக்கல்லைத் தொட்டு முத்தி செய்வாள். உளுந்து மூட்டை வந்து இறங்கினால் மூட்டையை. காய்ச்சலில் கிடக்கிற பிள்ளையின் நெற்றியை. ஒருமுறை காஞ்சிபுரம் பஸ்ஸில் கண்டக்டர் கிழித்துக் கொடுத்த டிக்கெட்டை முத்தி செய்தாள். "இன்னாம்மா, டிக்கெட்டுக்குக் கூடவா?" என்று அவர் சிரித்தார். "போய்ச் சேர்ற வரைக்கும் இத்த நம்பித்தானே குந்திக்கினு கீறோம்" என்றாள். ஊரில் அவளைப் பார்த்தாலே, "தொட்டு முத்தி வருது பாரு" என்பார்கள். அவளும் கோபித்துக்கொள்ளமாட்டாள்.

நான் அவளுடைய அக்கா மகள். உத்திரமேரூர் தாலுகா ஆபீஸுக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ் என்பது பெயருக்குத்தான், மனு எழுதுவதுதான் பிழைப்பு. பட்டா, வாரிசுச் சான்று, முதியோர் பென்ஷன், எதுவானாலும் ஆபீசர் தட்டிக்கழிக்க முடியாதபடி எழுதுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு, மறைப்பானேன். ஒரு விஷயத்தில் மட்டும் கறார். எழுதியதை முழுக்கப் படித்துக் காட்டாமல் யாரிடமும் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கமாட்டேன். இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு தரம் அதை மீறினேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

சின்னம்மா பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நாஷ்டா கடை போட்டிருந்தாள். இட்லி, தோசை, வடை. சித்தப்பா கல்யாணமான நாலாம் வருஷம் கோயம்பேட்டுக்கு வேலைக்குப் போனவர், திரும்பவில்லை. அவரைப் பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. ஒரே பையன். பதினோரு வயதில் மூளைக்காய்ச்சல் வந்து நாலே நாளில் போய்விட்டான். எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் வேப்பமரத்துக்குப் பக்கத்தில் புதைத்தோம். அதற்குப் பிறகு கடையைச் சாத்திவிட்டு அங்கேயே கிடந்தாள். சிமெண்டுச் சிலுவையைத் தொடுவாள், விரலை உதட்டில் வைப்பாள், மறுபடி தொடுவாள். அவள் உட்கார்ந்து உட்கார்ந்தே அந்தக் கல்லறைக்கு இடப்பக்கம் புல் முளைக்கவில்லை. "இந்த எடம் எனக்கு" என்று வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் சொல்லிவைத்திருந்தாள். யாரும் மறுத்ததில்லை.

அந்தச் சமயத்தில் நான் கோயிலை விட்டு வேறு சபைக்குப் போய்க்கொண்டிருந்தேன். எனக்கு இரண்டு கரு தங்காமல் போயிருந்தது. பக்கத்துக் கடைக்காரி கூப்பிட்டாள் என்று ஒரு ஜெபக்கூட்டத்துக்குப் போனேன். தகரக் கொட்டகை, கீபோர்டு, ட்ரம்ஸ். நான் உட்கார்ந்து அழுதேன். என்ன ஏது என்று யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் அங்கே எல்லோரும் அழுதுகொண்டுதான் இருந்தார்கள். அடுத்த வருஷம் எனக்குப் பெண் பிறந்தாள். அப்புறம் யார் சொல்லிக் கேட்பேன்? சின்னம்மாவையும் இழுத்துக்கொண்டு போனேன். முதல் நாளே பாஸ்டரின் மனைவி மடியில் தலைவைத்துத் தூங்கிவிட்டாள். பிள்ளை போனபிறகு அவள் தூங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான். அடுத்த வாரம் கடை திறந்தாள். இதைச் சொல்லாமல் விட்டால் அந்தச் சபைக்கு நான் செய்கிற அநியாயம்.

முழுக்கு ஞானஸ்நானத்துக்கு முதல் நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "நீ எங்க இட்டுக்கினு போனாலும் வரேன் கண்ணு. முழுவச் சொன்னா முழுவுறேன். ஆனா கடைசில என்ன எம்புள்ள பக்கத்துல கொண்டாந்து போட்டுடணும். அது ஒண்ணுதான் நான் கேக்கறது."

"போட்டுடறேன் சின்னம்மா."

"ஆண்டவர் மேல சத்தியமா சொல்லு."

"சத்தியம் பண்ணக் கூடாதுன்னு வேதத்துலயே கீது. போட்டுடறேன்னா போட்டுடறேன்."

மறுநாள் ஏரியில் வெள்ளைப் புடவையோடு முங்கி எழுந்தாள். எழுந்ததும் குனிந்து தண்ணீரைத் தொட்டு விரலுக்கு முத்தம் வைத்தாள். பாஸ்டர் சிரித்தார். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

புதுச் சபையில் அவளுக்கு இரண்டு இடைஞ்சல். ஒன்று கல்லறைத் திருநாள். நவம்பர் இரண்டாம் தேதி எங்கள் ஊரே கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து, சாமந்தி வைத்து, மெழுகுவத்தி கொளுத்திக்கொண்டு நிற்கும். சாமியார், எங்கள் பாதிரியார்தான், வந்து தண்ணீர் தெளித்து மந்திரிப்பார். செத்தவர்களுக்காக ஜெபிப்பது வேதத்தில் இல்லை என்று பாஸ்டர் சொல்லிவிட்டார். சின்னம்மா போகவில்லை. அன்றைக்கு மட்டும் வடைக்கு உப்புப் போட மறந்துவிடுவாள். இன்னொன்று அவள் வீட்டு மாதா சுரூபம். வேளாங்கண்ணியில் வாங்கியது, ஒரு முழ உயரம்.

"விக்கிரகத்தை வீட்ல வெக்கக் கூடாதாம் சின்னம்மா."

"விக்கிரகம்னா இன்னாடி?"

"சுரூபந்தான்."

"அப்ப சுரூபம்னு சொல்றது. பேர மாத்திட்டா அது வேறயா பூடுமா?"

வாதாடினாளே தவிர, மறுவாரம் போய்ப் பார்த்தபோது மாடம் காலியாக இருந்தது. "ஏரில போட்டியா?" என்று கேட்டேன். "உம்" என்றாள்.

அந்த வருஷம் தவக்காலத்துக்கு முன்னால் சாமியார் வீடு மந்திரிக்க ஊருக்குள் வந்தார். நான் வாசலிலேயே நின்று வேண்டாம் என்றுவிட்டேன். அவர் மரியாதையாகப் போய்விட்டார். கூட வந்த உபதேசியார், சாமியாருக்கு உதவியாகக் கோயில் காரியங்களைப் பார்ப்பவர், அவர் மட்டும் நின்றார். எனக்குச் சின்ன வயதில் ஜெபங்களை, எங்கள் பேச்சில் மந்திரம், சொல்லிக்கொடுத்தவர், தலையில் குட்டியும் இருக்கிறார். "அப்ப கோயில் நோட்டுல உங்க பேர இன்னாம்மா பண்றது?" என்று கேட்டார். வேடிக்கையாகத்தான் கேட்டிருப்பார். எனக்குச் சுருக்கென்றது. என்னிடமா கேட்கிறாய் என்று மறுநாள் காலையில் கடையைத் திறந்ததும் முதல் வேலையாக ஒரு கடிதம் எழுதினேன். இரண்டு குடும்பத்தின் பெயரும் போட்டேன். வீடு மந்திரிக்க இனி யாரும் வரவேண்டாம் என்று முதல் வரி. எங்கள் பெயர்களைப் பங்குப் பதிவேட்டிலிருந்து நீக்கிவிடவும் என்று இரண்டாவது வரி. மூன்றாவது வரி தானாக வந்தது. எங்கள் நல்லது கெட்டது எதற்கும் இனி உங்கள் கோயிலின் வாசலை மிதிக்கமாட்டோம் என்று இதன்மூலம் உறுதி கூறுகிறோம். அந்த 'இதன்மூலம்' எனக்கே ரொம்பப் பிடித்திருந்தது.

எடுத்துக்கொண்டு சின்னம்மா கடைக்குப் போனேன். நல்ல கூட்டம். வடைச் சட்டி கொதித்துக்கொண்டிருந்தது.

"இன்னா எழுதிக்கீற?"

"ஒண்ணுமில்ல சின்னம்மா. வூடு மந்திரிக்க இனிமே யாரும் வர வேணாம்னு."

"அவ்ளோதானே?"

"அவ்ளோதான்."

கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். அவளுக்கு அந்த அளவு எழுத்துத் தெரியும். போட்டுவிட்டுக் கடிதத்தைத் தொட்டு முத்தி செய்தாள்.

"இதுக்குக் கூடவா?" என்று சிரித்தேன்.

"நீ எழுதனதாச்சே கண்ணு."

அதற்கப்புறம் நாலைந்து வருஷம் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நவம்பர் இரண்டாம் தேதி நாஷ்டாவுக்குப் போனேன். கடையில் அவள் இல்லை. பாய் கடைக்கு உளுந்து பார்க்கப் போயிருப்பதாகச் சொன்னார்கள். பக்கத்திலேயே மளிகை வைத்திருக்கிற பாய், தலைமுறையாக அந்த ஊரில் வியாபாரம் செய்கிற குடும்பம். என்னைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. "உள்ள தூசும்மா, நீ இங்கியே குந்து" என்றார். நான் விடுவேனா? குடோனுக்குள் போனேன்.

மூட்டைகளுக்கு நடுவில் ஒரு எண்ணெய் டின். டின்மேல் மாதா சுரூபம். சுற்றியிருந்த செய்தித்தாள் பக்கத்தில் மடித்து வைத்திருந்தது. ஒரு மெழுகுவத்தி. சின்னம்மா பாதத்தில் கைவைத்துக்கொண்டு அவள் பிள்ளையின் பெயரைச் சொல்லி ஜெபித்துக்கொண்டிருந்தாள், நாங்கள் சின்ன வயதில் சொன்ன பழைய மந்திரம். பின்னாலேயே வந்த பாய், "நான் எத்தினி தபா சொல்லிட்டேன், மெழுகுவத்தி வாணாம், கோணி பத்திக்கும்னு. கேக்குதா இந்தம்மா? ஒரே பேஜார்" என்றார்.

சின்னம்மா பயப்படவில்லை. "கல்லறைக்குத்தான் போவல. இங்க கூடவா வரக் கூடாது?" என்றாள்.

"ஏரில போட்டேன்னு சொன்னியே."

"நீ கேட்ட, உம்னேன்."

என்னிடமே பொய் சொல்லியிருக்கிறாள் என்ற ஆத்திரம். அவளுடைய ஆத்துமாவைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், ஆனால் உள்ளே இருந்தது ஆத்திரம்தான். சுரூபத்தை அன்றைக்கே ஏரிக்கு எடுத்துப்போய், உபரித் தண்ணீர் வழிகிற கலங்கல் பக்கம் போட்டேன். பாஸ்டரிடமும் சொன்னேன். இன்றைக்கு நினைத்தாலும் என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் அவளை எழுந்து நிற்கச் சொன்னார். கத்தவில்லை, அவர் கத்துகிற மனுஷர் இல்லை. "என்ன செஞ்சீங்கன்னு சபை முன்னால சொல்லுங்கம்மா" என்றார்.

"தொட்டு முத்தி பண்ணிக்கினேன் ஐயா."

பாஸ்டருக்குத் தென்காசிப் பக்கம். பிறந்ததிலிருந்தே சுரூபம் இல்லாத சபைக்காரர், இந்தச் சொல் அவர் காதில் விழுந்ததே இல்லை. 'முத்தி' என்றதும் மோட்சம் என்று எடுத்துக்கொண்டார். முத்தி என்பது புறமதத்தார் தேடுவது, அதற்குத் தவம் வேண்டும், நமக்கோ கிருபையால் இரட்சிப்பு என்று கால்மணி நேரம் பிரசங்கம் பண்ணினார். சின்னம்மா பொறுமையாக நின்று கேட்டாள். அவர் மூச்சு வாங்கியபோது, "ஐயா, அது இல்லீங்க. முத்தி. இப்பிடி" என்று முன்னால் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியைத் தொட்டு விரலை உதட்டில் வைத்துக் காட்டினாள். சபையே சிரித்தது. பாஸ்டரும் சிரித்துவிட்டார். ஆனாலும் ஒழுங்கு ஒழுங்குதானே. மூன்று மாதம் திருவிருந்து கிடையாது, கடைசி வரிசையில் உட்கார வேண்டும் என்றார்.

உட்கார்ந்தாள். திருவிருந்துத் தட்டு வரிசை வரிசையாக வந்து அவளைத் தாண்டிப் போகும். தாண்டும்போது தட்டின் விளிம்பைத் தொட்டு முத்தி செய்துகொள்வாள். நான் முறைத்தால், "துன்னத்தானே கூடாதுன்னாரு. தொடக் கூடாதுன்னு சொல்லலியே" என்பாள். என்னிடம் கோபமாக ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "ஏரில எந்தப் பக்கம் போட்ட?" சொன்னேன். அதற்குப் பிறகு கலங்கலைத் தாண்டும்போதெல்லாம் பஸ் ஜன்னல் கம்பியைத் தொட்டு உதட்டில் வைத்துக்கொள்வாள்.

போன வருஷத்துக்கு முந்தைய வருஷம் அவளுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. மூன்று மாதம் என் வீட்டில் படுத்திருந்தாள். வாரத்தில் இரண்டு தரமாவது கேட்பாள்.

"எங்க போடுவ?"

"உம்புள்ள பக்கத்துல."

"எடம் கீதா, யாரும் புடிச்சிக்கலியே?"

"உன் எடத்த யாரு சின்னம்மா புடிப்பாங்க."

ஒவ்வொரு தரம் சொல்லும்போதும் அந்தக் கடிதம் எனக்கு ஞாபகம் வரும். உபதேசியார் வீடு எங்கள் தெருக்கோடிதான். ஒரு நடை போய், ஐயா, அன்னிக்குத் தெரியாமல் எழுதிவிட்டேன் என்று சொல்லியிருந்தால் போதும். அல்லது சின்னம்மாவிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் ஆட்டோ வைத்துக்கொண்டு அவளே போயிருப்பாள். நான் எழுதிய மனுவை நானே தப்பு என்று போய்ச் சொல்வதா என்று இருந்துவிட்டேன். பழைய கடிதத்தை யார் வைத்திருக்கப்போகிறார்கள் என்று சமாதானமும் பண்ணிக்கொண்டேன்.

ஒரு வியாழக்கிழமை காலையில் போனாள். கடைசியாகச் சொன்னது "சேசு மரி சூசை", பழைய கோயிலில் சாகிறவர்கள் சொல்கிற ஜெபம். பாஸ்டரின் மனைவி பக்கத்தில்தான் இருந்தார், காதில் விழாததுபோல் ஈரத்துணியைப் பிழிந்துகொண்டிருந்தார். அந்த நல்ல மனசுக்கு நான் இன்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

உபதேசியார் வீட்டுக்கு ஓடினேன். ஊர்க் கமிட்டியைக் கூப்பிட்டார். ஐந்து பேர் வந்தார்கள். நோட்டைத் திறந்தார். எங்கள் பெயர்கள் சிவப்பு மையில் அடித்திருந்தன. அந்தப் பக்கத்திலேயே கடிதம் மடித்து வைத்திருந்தது. அவர் சத்தமாகப் படித்தார். என் எழுத்தை இன்னொருவர் படித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. 'நல்லது கெட்டது எதற்கும்' என்ற இடத்தில் நிறுத்தி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதுக்கு மேல நான் இன்னாம்மா பேசறது?"

"அது நான் எழுதனது ஐயா. அவங்களுக்குத் தெரியாது."

"கையெழுத்து கீதே."

"படிச்சுக் காட்டல."

கமிட்டியில் ஒருவர், "ஒருத்தருக்கு உட்டா நாளைக்கு எல்லாரும் வருவாங்க. கல்லறையில எடமே இல்ல" என்றார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். உபதேசியார் எனக்காகக் கொஞ்சம் பேசிப் பார்த்தார், எடுபடவில்லை. வாசல்வரை கூடவே வந்தார். "உசுரோட கீறப்ப அந்தம்மா வந்து ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அதே நோட்டுல திருப்பி எழுதியிருப்பேன் பாப்பா. யாரும் கேட்டிருக்கமாட்டாங்க" என்றார். என்னை அவர் பாப்பா என்று கூப்பிட்டு எத்தனையோ வருஷமாகியிருந்தது. அங்கேயே மண்ணில் உட்கார்ந்து அழுதேன்.

வாலாஜாபாத் ரோட்டில் எங்கள் சபை வாங்கிப்போட்ட நிலத்தில் புதைத்தோம். வேலி ஓரம் கருவேலம். சிலுவை வைப்பதில்லை, கல்லில் நம்பர் எழுதியிருப்பார்கள். தொட்டு முத்தி செய்ய அங்கே ஒன்றுமில்லை. பாஸ்டர் நன்றாக ஜெபித்தார், நடுவில் அழுதும்விட்டார்.

அதற்குப் பிறகு சபைக்குப் போகக் கால் வரவில்லை. சண்டை ஒன்றுமில்லை, உட்காரத்தான் முடியவில்லை. இந்த வருஷம் சாம்பல் புதன் அன்றைக்கு மனு எழுத வந்த ஒரு பெரியவர் நெற்றியில் சாம்பல் சிலுவையோடு எதிரில் உட்கார்ந்தார். எழுதிக்கொண்டே இருந்த கை நின்றுவிட்டது. சாயங்காலம் கோயிலுக்குப் போய்க் கடைசியில் நின்றேன். எங்கே முழங்கால் போடுவது, எங்கே எழுவது, எல்லாம் உடம்புக்குத் தெரிந்திருந்தது. வாய் தானாகவே மந்திரம் சொன்னது. சிலுவையில் தொங்குகிற பாடுபட்ட சுரூபத்துக்கு எதிரில் வந்ததும் கை நீண்டது. தொட்டேன். சின்னம்மாவின் கை எப்படிப் போகுமோ அப்படியே என் கை உதட்டுக்குப் போனது. எங்கிருந்து வந்ததென்றே தெரியவில்லை. அத்தனை பேர் நடுவில் விக்கி விக்கி அழுதேன்.

திரும்பச் சேர ஒரு கடிதம் எழுதித் தரச் சொன்னார் உபதேசியார். எழுதினேன். இரண்டு வரிதான், 'இதன்மூலம்' எல்லாம் போடவில்லை. என் பெயருக்குக் கீழே சின்னம்மாவின் பெயரையும் எழுதியிருந்தேன். அவர் பார்த்துவிட்டு, "உசுரோட கீறவங்க பேரத்தான்மா எழுதணும்" என்று மெதுவாக அடித்தார். பிறகு கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். பையன் கல்லறைக்கு இடப்பக்கம் புதுச் சிமெண்டு. போன ஆடியில் யாரோ ஒரு பெரியவரைப் புதைத்திருக்கிறார்கள். நல்ல மனுஷர் என்றார்கள். அன்று காலையில் யாரோ வைத்த சாமந்தி கூட வாடியிருக்கவில்லை.

திரும்பி வந்து உபதேசியாரிடம் அந்தப் பழைய கடிதத்தைக் கேட்டேன். "எடுத்துக்கினு போ. இனிமே அது எதுக்கு" என்று நோட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

கடைக்குக் கொண்டுவந்து மேஜைமேல் விரித்தேன். மூன்று வரியும் கீழே இரண்டு கையெழுத்தும். சின்னம்மாவின் கையெழுத்துக்குப் பக்கத்தில் எண்ணெய்க் கறை, விரல் நுனி அளவு. வடை சுட்ட கையை அவள் சரியாகத் துடைக்கவில்லை. முத்தி செய்யத் தொட்ட இடம். நீ எழுதனதாச்சே என்று சொல்லித் தொட்ட இடம்.

அதே இடத்தில் விரலை வைத்தேன். உதட்டுக்குக் கொண்டுபோக முடியவில்லை.